கைக்குழந்தையின் கண்ணில் பிறவிக் கட்டி: வெட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகளுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. இடக்கண்ணில், கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பில், கீழ்ப்புறமாகக் காதை நோக்கிய பக்கத்தில், வெண்மையும் மஞ்சளும் கலந்த சிறிய கட்டி ஒன்று பிறக்கும்போதே இருந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் அதன்மேல் இரண்டொரு மெல்லிய முடியும் தெரிகிறதாம். கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று மாமி சொல்கிறார்; புற்றுநோயாக இருக்கும் என்று அயலவர் ஒருவர் பயமுறுத்துகிறார்; பிள்ளை பெரிதாகுமுன் கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்துவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் அவசரப்படுத்துகிறார். இவற்றில் எதை நம்புவது என்பதும், அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா என்பதும் அவருடைய கேள்விகள்.

மூன்றையும் நம்ப வேண்டியதில்லை. கண்ணைப் பார்க்காமல் எவரும் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருக்கும் இடம், நிறம், முடி, பிறப்பிலேயே இருந்தது என்ற நான்கும் சேர்ந்து வருவது பெரும்பாலும் லிம்பல் டெர்மொயிட் எனப்படும் பிறவிக் கட்டியில்தான். கருவில் கண் உருவாகும் முதல் மூன்று மாதங்களுக்குள், தோலாக வளர வேண்டிய திசு சிறிதளவு இடம் மாறிக் கருவிழியின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் அது தன் இயல்பை விடுவதில்லை. ஆகவேதான் அதற்குள் முடிவேர்களும், எண்ணெய்ச் சுரப்பிகளும், சில வேளை வியர்வைச் சுரப்பிகளும், கொழுப்பும் இருக்கின்றன. உடம்பில் வேறிடத்தில் இருந்தால் எவரும் கவனிக்காத நல்ல திசுதான், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. புற்றுநோய்க் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைப் போல இது பெருகுவதில்லை, பரவுவதும் இல்லை. புற்றாக மாறுவது மிக மிக அரிது. பிள்ளை வளரும்போது கண்ணோடு சேர்ந்து சற்றே பெரிதாகலாம், பூப்படையும் வயதில் இன்னும் கொஞ்சம் தடிக்கலாம், அவ்வளவுதான்.

கிரகணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 டிசம்பர் 26ஆம் திகதி வளைய சூரிய கிரகணம் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தெரிந்தது. அன்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கருவுற்றிருந்த பெண்கள் எத்தனையோ பேர் வயலிலும் கடற்கரையிலும் சந்தையிலும் வழக்கம்போல வேலை செய்தார்கள். கிரகணத்தால் இந்தக் கட்டி வருமென்றால் அடுத்த ஆண்டு நமது மகப்பேற்று விடுதிகள் இத்தகைய குழந்தைகளால் நிறைந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாமியோடு இதை வைத்து வாதாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாய் செய்த ஏதோ ஒன்றால் பிள்ளைக்கு இப்படி ஆனது என்ற எண்ணத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் சாப்பிட்டதோ, போன இடமோ, குனிந்து செய்த வேலையோ இதற்குக் காரணம் அல்ல.

உங்கள் உறவினரின் அவசரத்துக்குத்தான் நான் கூடுதல் நேரம் எடுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது, கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. கட்டி கண்ணுக்குத் தெரிவதால் கட்டிதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இந்த வயதில் கட்டியைவிடக் கவலைப்பட வேண்டியது அதன் பின்னால் இருக்கும் பார்வையைப் பற்றி. பிறந்த குழந்தையின் கருவிழியின் விட்டம் சுமார் 10 மில்லிமீற்றர்தான். அதன் ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கட்டி ஒன்று உட்கார்ந்தால், கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க முடியாது. கட்டி இருக்கும் திசையில் அது தட்டையாகிறது. வளைவு ஒழுங்கற்றுப் போனால் விழித்திரையில் விழும் உருவம் ஒரு திசையில் கலங்கலாக விழும். இதைத்தான் அஸ்டிக்மாடிசம் என்றும், கண்ணாடிக் கடைகளில் சிலிண்டர் பவர் என்றும் சொல்கிறார்கள்.

பெரியவர் ஒருவருக்கு இப்படி இருந்தால் கண்ணாடி போட்டதும் தெளிவாகத் தெரியும். குழந்தைக்கு அப்படியல்ல. பார்ப்பது என்பது கண் மட்டும் செய்யும் வேலை அல்ல. மூளை அதைப் பழக வேண்டும், அந்தப் பழக்கம் பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான் உறுதிப்படுகிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிந்த உருவமும் மற்றதிலிருந்து கலங்கிய உருவமும் தொடர்ந்து வந்தால், மூளை கலங்கியதைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். கிளினிக்குகளில் சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். ஏழு, எட்டு வயது வரை கவனிக்காமல் விட்டுவிட்டு, அதன்பின் எவ்வளவு அழகாகக் கட்டியை வெட்டி எடுத்தாலும், எவ்வளவு சரியான கண்ணாடி போட்டாலும், அந்தக் கண்ணின் பார்வையை முழுமையாக மீட்பது மிகவும் கடினம். கிழக்கின் கண் கிளினிக்குகளில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடசாலைக் கண் பரிசோதனையில்தான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, கட்டியின் அளவு எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை, கடந்துபோன ஆண்டுகள்தான் பெரிதாகத் தோன்றும்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது, பார்வைப் பரிசோதனை. இரண்டு மாதக் குழந்தை எழுத்து வாசிக்குமா என்று பலர் சிரித்துக் கேட்பார்கள், வாசிக்கத் தேவையில்லை. கண்மணியை விரிக்கும் மருந்து போட்டபின், இருட்டறையில் ஒரு ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் அசைத்து, உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, வெவ்வேறு வில்லைகளை முன்னால் பிடித்து அளப்பார்கள். பிள்ளை தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தாலும் போதும். பழகிய கைக்கு இது சில நிமிட வேலை, முடிவும் நம்பகமானது. கட்டியின் அளவு பிறகு கூடியதா என்று ஒப்பிட முதல் நாளிலேயே அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் நல்ல வெளிச்சத்தில் நீங்களே மாதம் ஒருமுறை படம் எடுத்து வைப்பதும் பயன்படும்.

இந்தப் பரிசோதனைக்காகச் சில வேளை கண்மணியை விரிக்கும் அட்ரோபின் மருந்தை வீட்டில் சில நாட்கள் போடச் சொல்லி அனுப்புவார்கள். அந்த மருந்தைப் பற்றி ஒன்றை நினைவில் வையுங்கள். அது உடம்பில் வியர்வையைக் குறைக்கும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் பிள்ளையின் முகம் சிவந்து உடம்பு சுடலாம். மருந்து போட்டதும் கண்ணின் உள் மூலையை, மூக்கை ஒட்டிய இடத்தில், ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்கி உடம்பில் சேர்வது குறையும். காய்ச்சல் போலக் கண்டால் அடுத்த தடவை போடாமல் வைத்தியரைக் கேளுங்கள். அதிகாலையில் வெளிச்சம் பட்டதும் பிள்ளை கண்ணைச் சுருக்கி அழுவது மட்டும் எதிர்பார்க்கக்கூடியதுதான். மருந்தின் வேகம் இறங்க ஒன்றிரண்டு கிழமை ஆகும்.

வீட்டிலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பிள்ளைக்கு மூன்று நான்கு மாதம் ஆகி, முகத்தைப் பார்த்துச் சிரித்து, அசையும் பொருளைக் கண்ணால் தொடரத் தொடங்கியதும், விளையாட்டுப் போல ஒரு கண்ணைக் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. எந்தக் கண்ணை மறைத்தாலும் பிள்ளை ஒரே மாதிரி நடந்துகொண்டால் நல்லது. கட்டி இல்லாத கண்ணை மறைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பி, கையைத் தட்டிவிட்டு அழுதால், மற்றக் கண்ணால் அதற்குச் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். இது வைத்தியரின் பரிசோதனைக்குப் பதிலல்ல, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் முன்னதாகவே போக வேண்டும் என்பதற்கான அறிகுறி.

சிலிண்டர் பவர் கூடுதலாக இருந்தால் ஒரு வயதுக்கு முன்பே கண்ணாடி கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் வளைந்த கம்பி நிற்காது. தலையைச் சுற்றி இழைப்பட்டி கட்டிய சிறிய பிளாஸ்டிக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கா கண்ணாடி என்று ஊரில் கேட்பவர்கள் கேட்கட்டும். அதோடு நல்ல கண்ணை ஒரு நாளில் சில மணி நேரம் ஒட்டும் துணியால் மூடி, பலவீனமான கண்ணை வேலை வாங்க வேண்டியிருக்கலாம். எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளையின் வயதும் பார்வைக் குறைவும் தீர்மானிக்கும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடுவது ஆறு மணி நேரம் மூடுவதற்கு நிகரான பலனைத் தந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒட்டுத் துணியைக் கண்ணாடியின் மேல் அல்ல, தோலின் மேல் ஒட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை விளிம்பால் எட்டிப் பார்த்துவிடும். நமது பக்கத்து வியர்வையில் தோல் சிவந்து தடிப்பது சகஜம், அப்படியானால் ஒட்டும் திசையை மாற்றுங்கள், சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். வைத்தியர் சொன்ன நேரத்துக்கு மேல் மூடுவதும் கூடாது, ஏனென்றால் நல்ல கண்ணும் பின்தங்கிவிடக்கூடும்.

இனி வெட்டுவதைப் பற்றி. கருவிழியின் தடிப்பு அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். கட்டி மேலாக உட்கார்ந்திருக்கிறதா, அந்த அரை மில்லிமீற்றரின் ஆழம் வரை இறங்கியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; விசேட ஸ்கேன் ஒன்றால் அளக்க வேண்டும். மேலாக உள்ளதைச் சீவி எடுக்கலாம். ஆழமாக இறங்கியதைச் சீவினால் கண் துளைபடும் அபாயம் உண்டு, ஆகவே எடுத்த இடத்தில் தானம் பெறப்பட்ட கருவிழியின் ஒரு படலத்தை வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். இந்த விடயத்தில் நாம் ஓரளவு அதிர்ஷ்டசாலிகள். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண்தான சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கே கருவிழிகளை அனுப்பி வரும் நாடு இது. ஆனாலும் இரண்டு மாதக் குழந்தைக்கு முழு மயக்க மருந்து கொடுத்து, பிறகு தையல்களைக் கவனித்து, ஒட்டிய படலம் ஒத்துக்கொள்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது, தோற்றத்துக்காக மட்டும் செய்யத் தக்க காரியமல்ல. வெட்டிய இடத்தில் வெண்மையான தழும்பு நிச்சயம் இருக்கும். வளைவின் குறையும் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கண்ணாடி தேவைப்படும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத பெற்றோர் பின்னர் மனமுடைந்து போகிறார்கள்.

எனவே சிறிய கட்டியாயின், பார்வை ஒழுங்காக வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாலர் பாடசாலைக்குப் போகும் வயது வரை சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதே என் கருத்து. கட்டி கண்மணியை மறைத்தாலோ, கண்ணிமை மூட முடியாதபடி உயர்ந்திருந்தாலோ, அதன் அருகில் கருவிழி காய்ந்து பள்ளம் விழுந்தாலோ, கண்ணாடியால் சமாளிக்க முடியாத அளவுக்குச் சிலிண்டர் கூடிக்கொண்டே போனாலோ முன்னதாகச் செய்ய வேண்டி வரும். முடி உறுத்திக் கண் சிவந்தால் அதை வைத்தியரே கிளினிக்கில் அகற்றிவிடலாம். நீங்கள் வீட்டில் பிடுங்க முயல வேண்டாம்.

கண்ணோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பிள்ளையின் இரண்டு காதுகளுக்கும் முன்னால் தடவிப் பாருங்கள். சிறிய தோல் முளையோ, ஊசித் துளை போன்ற குழியோ இருக்கிறதா? அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு பக்கத் தாடை சிறுத்திருக்கிறதா? மேலிமையின் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தது போல இடைவெளி உள்ளதா? கண்ணில் டெர்மொயிட்டும் காதிலும் தாடையிலும் குறையும் சேர்ந்து வருவதை மொரிஸ் கோல்டன்ஹார் என்ற மருத்துவர் 1952இல் விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தப் பிள்ளைகள் சிலருக்கு முதுகெலும்பிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் குறைகள் இருப்பதுண்டு, காது கேளாமையும் உண்டு. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து காதை மறந்தால், பேச்சு வராதபோதுதான் தெரியவரும். இப்படி ஏதும் கண்டால் சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவரும் பிள்ளையைப் பார்க்க வேண்டும், கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் கட்டி இதுவாக இல்லாமல் வேறொன்றாக இருக்கவும் கூடும் என்பதால் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணின் வெளிமூலையில், மேலிமைக்கு அடியில், மென்மையான மஞ்சள் கொழுப்புப் போலத் தெரிந்தால் அது டெர்மொலிப்போமா. கண்குழியின் உள்ளே வரை நீண்டிருப்பதாலும், கண்ணீர்ச் சுரப்பியின் குழாய்களும் கண்ணை அசைக்கும் தசையும் அருகிலேயே இருப்பதாலும் அதைத் தொடாமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. புருவத்தின் வால் பகுதியில் தோலுக்கு அடியில் உருண்டையாக, வலியின்றி இருப்பது டெர்மொயிட் சிஸ்ட். விழுந்து அடிபட்டு உள்ளுக்குள் உடைந்தால் வீங்கிப் பழுக்கும் என்பதால் பிள்ளை ஓடித்திரியும் வயதையொட்டி உறையோடு முழுமையாக எடுத்துவிடுவார்கள். மூக்கை ஒட்டிய பக்கத்தில் உள்ள கட்டியை ஸ்கேன் செய்யாமல் எவரையும் தொடவிட வேண்டாம், ஏனெனில் அது மூளையோடு தொடர்புள்ளதாக இருக்கலாம்.

பிறந்து சில கிழமைகளில் தோன்றி, செந்நிறமாக வேகமாகப் பருத்து, அழும்போது இன்னும் வீங்குவது இரத்தக்குழாய்க் கட்டி. அது ஒரு வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்கத் தொடங்கும் என்றாலும் இமையைக் கண்மணிக்கு மேல் அழுத்திவிட்டால் காத்திருக்க முடியாது. இதய நோய்க்காக ப்ரொப்ரனொலோல் கொடுக்கப்பட்ட பிள்ளையில் இந்தக் கட்டி வாடுவதைப் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் தற்செயலாகக் கண்டு 2008இல் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து சிகிச்சையே மாறிவிட்டது. இதயத் துடிப்பையும் இரத்தச் சீனியையும் குறைக்கக்கூடிய மருந்து என்பதால் வைத்தியரின் கண்காணிப்பில், பால் கொடுத்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஒரே நாளையும் வீணாக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. கண்மணிக்குள் வெண்மை தெரிவது, அல்லது ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவது விழித்திரைப் புற்றாகவோ பிறவிக் கற்றரக்காகவோ இருக்கலாம். கருவிழி பெரிதாகிப் புகை படிந்ததுபோல் மங்கி, கண்ணீர் வடிந்து, பிள்ளை வெளிச்சத்துக்குக் கூசினால் கண்ணழுத்தம் கூடியிருக்கலாம். அயலவரின் புற்றுநோய்ப் பயம் பொருந்துவது கண்ணுக்குள் தெரியும் அந்த வெண்மைக்குத்தான். கருவிழி ஓரத்து வெண்கட்டிக்கு அல்ல.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும், நமது பகுதியில் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். தாய்ப்பால் பீச்சுவதாலோ, நந்தியாவட்டைப் பூச்சாறு விடுவதாலோ இந்தக் கட்டி கரையாது. கிருமி சேர்ந்தால் கருவிழி புண்ணாகும். கண்ணூறு கழிக்கிறோம் என்று கண்ணோரம் மை தீட்டுவதையும், சுறுமா இடுவதையும் இந்தப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். சில சுறுமாக்களில் ஈயம் கலந்திருக்கிறது. கண்ணூறுக்குப் பொட்டு வைப்பதென்றால் கன்னத்தில் வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

வழி எப்படி என்றால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார மருத்துவ மாதுவிடம் காட்டி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதச் செய்து, சுகாதார வைத்திய அதிகாரியிடமிருந்து கடிதம் பெற்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போங்கள். அம்பாறைப் பக்கத்தவர்கள் தங்கள் பொது வைத்தியசாலையில் தொடங்கலாம். பரிசோதனைக்கும் கண்ணாடி அளவுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆழமான கட்டிக்குப் படலம் வைத்துத் தைக்க வேண்டும் என்று முடிவானால் அவர்களே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அங்கும் சிகிச்சை இலவசம்தான். முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். கட்டி பெரிதாகவில்லை என்பதற்காக அந்தத் திகதிகளைத் தவறவிடாதீர்கள். அவர்கள் அளக்க விரும்புவது கட்டியை மட்டும் அல்ல, பார்வையையும்தான்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்ற கேள்விக்கு, மச்சானைக் கட்டியதால் வந்ததோ என்ற பயமும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். தனியாக வரும் லிம்பல் டெர்மொயிட் பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதில்லை. கோல்டன்ஹார் நிலையும் அநேகமாகத் தனித்தே தோன்றுகிறது. உங்கள் இருவரின் குடும்பத்திலும் வேறு எவருக்கும் கண்ணிலோ காதிலோ பிறவிக் குறை இல்லையென்றால், அடுத்த பிள்ளையைப் பற்றி இதை வைத்துப் பயப்படக் காரணமில்லை.